சத்தியபாமாவின் குளிக்கிற உப்பு

சத்தியபாமாவுக்கு ஒன்பது வருஷமா ஒரே ஒரு ஆசைதான். நகைநட்டு ஆசை கிடையாது, காசி ராமேஸ்வரம் போகணும்கிற ஆசையும் கிடையாது. கொழுந்தன் அழகிரிசாமி தன் வாசல்ல வந்து நிக்கணும். தெருசனம் அத்தனையும் கேக்க, "நான் உங்களை ஏமாத்திட்டேன் வதினா"ன்னு தன் வாயால சொல்லணும். அதைக் கேட்டுட்டா அன்னைக்கே கட்டை சாஞ்சாலும் அவளுக்குச் சம்மதம்.

கயத்தாத்துக்குக் கிழக்கே, பஸ் ரோட்டை விட்டு மூணு மைல் உள்ளே போனா அவ ஊர். வீட்டுக்குள்ள தெலுங்கு, தெருவுக்கு வந்தா தமிழ்னு பேசுற நாயக்கமார் குடும்பம். அண்ணியை வதினாம்பாங்க. பதினேழு வயசுல கோபாலசாமியைக் கட்டிக்கிட்டு அந்த ஊருக்கு வந்தா. புருஷன் நல்ல மனுஷன், அதிர்ந்து பேச மாட்டான். பிள்ளைதான் இல்லை. அந்தக் குறை தெரியாம இருந்ததுக்குக் காரணம் கொழுந்தன் மக ராதாமணி. பெத்தவ சுந்தரம்மா இடுப்புல அந்தப் பிள்ளை இருந்ததை விட சத்தியபாமா இடுப்புல இருந்ததுதான் அதிகம். பேச்சு வந்ததும் அது முதல்ல கூப்பிட்டதே "பெத்தம்மா"ன்னுதான், அவங்க தெலுங்குல பெரியம்மா.

எழுபத்தி நாலாம் வருஷம் ஐப்பசியில கோபாலசாமி ரெண்டு நாள் காய்ச்சல்ல போய்ச் சேந்தான். பதினாறாம் நாள் விசேஷம் முடிஞ்சு, வந்த சனம் ஊர் போய்ச் சேரலை, அதுக்குள்ள அழகிரிசாமி பங்கு பிரிக்கணும்னு பெரியாளுகளைக் கூட்டிட்டான். இருந்தது அஞ்சு ஏக்கர் கரிசல், கண்மாய்க்குத் தெக்கே ரெண்டு ஏக்கர் உவர்க்காடு. கரிசல்ல பருத்தி போடலாம், உளுந்து போடலாம், ஒரு மழை பிடிச்சா போதும். உவர்க்காட்டுல வேலிக்கருவை கூட மூச்சு முட்டித்தான் நிக்கும்.

"ஒத்தப் பொம்பளை. பிள்ளையுமில்லை, குட்டியுமில்லை. கரிசலை உழுது விதைச்சு யாருக்குச் சேத்து வைக்கப் போறாவ? அவியளுக்கு உவர்க்காடு போதும்"னான் அழகிரிசாமி.

கூட்டத்துல மூத்தவர் சங்கரபாண்டியன் லேசா இழுத்தார். "அதுல என்னத்தப்பா விளையும்?"

"ஏன், உப்பு விளையுதுல்லா? அள்ளிப் போட்டுக் குளிக்கட்டும்!"

சிரிச்சாங்க. எட்டு ஆம்பிளைங்க. சங்கரபாண்டியனும் சேந்துதான் சிரிச்சார், அவரைத் தனியா நல்லவர்னு சொல்லிக்க ஒண்ணுமில்லை. அடுப்படி நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்ன சத்தியபாமாவுக்குக் காதெல்லாம் அடைச்சுப் போச்சு. புருஷன் போய்ப் பதினாறு நாள்தான் ஆச்சு, அதுக்குள்ள சிரிப்பா? வீட்டுக்கு நடுவுல ஒரு சுவர் எழும்புச்சு. கொல்லையில முள்வேலி விழுந்துச்சு. ராதாமணிக்கு அப்போ ஒன்பது வயசு. இந்தப் பக்கம் எட்டிப் பாத்தா அப்பன் தொடையில கிள்ளுவான். அதனால அந்தப் பிள்ளையும் எட்டிப் பாக்கிறதை விட்டுருச்சு.

அந்த ஊர்த் தண்ணியைப் பத்திச் சொல்லியாகணும். கிணத்துத் தண்ணி கரிச்சுக்கிட்டுக் கிடக்கும். சவுக்காரம் தேய்ச்சா நுரைக்காது, திரிதிரியா ஒட்டும். சீயக்காய் போட்டுக் குளிச்சா தலை தேங்காய் நார்தான். செவ்வாய், வெள்ளி தலை முழுகிட்டு வாசல்ல உக்காந்து சிக்கெடுக்கிற பொம்பளைங்க வாயில அந்தக் கிணத்தை வெட்டுனவன் வம்சமே நாறும்.

வெறும் வீம்புலதான் சத்தியபாமா உவர்க்காட்டுக்குப் போனா. "குளிக்கட்டும்னா சொன்னே? குளிச்சுக் காட்டுதேன் பாருலே"ன்னு வழியெல்லாம் முனங்கிக்கிட்டே போனா. ஊர்த் துணி வெளுக்கிற வேலுத்தாய் அந்த மண்ணை அள்ளிட்டுப் போறதை அவ பாத்திருக்கா. மாசி, பங்குனியில பனி விழுந்து வெயில் ஏறுறதுக்கு முன்னால அந்தக் காடு பூராவும் வெள்ளையா பூத்துக் கிடக்கும். பூநீறும்பாங்க. அதைத் தண்ணியில கரைச்சுக் குளிச்சுப் பாத்தா. முதல் நாளே ரெண்டு உள்ளங்கையும் தோல் உரிஞ்சு போச்சு. காந்தல் தாங்காம தண்ணித் தொட்டிக்குள்ள கையை விட்டபடி அரை நாள் உக்காந்திருந்தா. அப்புறம் மோர்ல முக்கினா. தண்ணியும் மோரும்தான் கேட்டுச்சு. எண்ணெய் பட்டா இன்னும் மோசமாச்சு. கை கட்டுப் போட்டுக் கிடந்த பத்து நாளும், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு குரல் "என்ன வதினா"ன்னு கேக்கலை. அதையும் அவ மனசுல முடிஞ்சு வச்சுக்கிட்டா.

விட்டாளா? விடலை. பக்குவம் பிடிபட ரெண்டு பங்குனி ஆச்சு. மண்ணைச் சுரண்டக் கூடாது. மேலாப்புல நகக்கண் கனத்துக்குப் பூத்திருக்கிறதை மட்டும் சிரட்டையால வழிச்சு எடுக்கணும். பானைத் தண்ணியில கரைச்சு ஒரு ராத்திரி தொடாம வைக்கணும். தெளிவை மட்டும் வேட்டித் துணியில வடிச்சு, அகலமான மண்தட்டுல ஊத்தி வெயில்ல வைக்கணும். அடியில பொறுக்கு கட்டும். அதை எடுத்துத் திரும்பக் கரை, திரும்பத் தெளிய வை, திரும்பக் காய வை. மூணு தடவை. மூணாவது தெளிவுலதான் அந்தக் காரம் அடங்கும், உப்பு கல்கண்டு நிறத்துக்கு வரும். அதோட நிழல்ல காஞ்ச ஆவாரம்பூப் பொடி, இடிச்ச வெட்டிவேர், கொஞ்சம் கஸ்தூரி மஞ்சள். ஒரு வாளித் தண்ணிக்கு ரெண்டு விரல் அளவு போட்டாப் போதும். தண்ணியோட குணமே மாறிரும். சீயக்காய் நுரைச்சுத் தள்ளும், முடி சீப்புக்கு வழுக்கும், மேலெல்லாம் ஆவாரம்பூ மணக்கும்.

முதல்ல வேலுத்தாய் வாங்கிட்டுப் போனா. அப்புறம் பக்கத்துத் தெரு. அப்புறம் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போற பொண்ணுங்க மூலமா கோவில்பட்டி வரைக்கும் பேச்சு போச்சு. மெழுகும் மருந்தும் மணக்கிற கையோட அதுக வந்து, "பெரியம்மா, அந்தக் குளிக்கிற உப்பு குடுங்க"ன்னு வாசல்ல நிக்கும். புதூர்ல ஒரு கல்யாணம்னா பொண்ணுக்கு நலுங்கு வைக்க இவ உப்பு போகும். கம்பு கொண்டு வா, உப்பு கொண்டு போ, அவ்வளவுதான் வியாபாரம். அவ பானையில கம்பு குறைஞ்சதில்லை.

எல்லா வீட்டுக்கும் உப்பு போச்சு, ஒரே ஒரு வீட்டைத் தவிர. சுவருக்கு அந்தப் பக்கத்து வீடு.

அங்கதான் அவ வேலையைக் காட்டினா. உப்பை முந்தியில முடிஞ்சுக்கிற ஒவ்வொருத்தி கிட்டயும் சொல்லிருவா: "ஏட்டி, இது உனக்கு. அந்த வீட்டுக்கு ஒரு சிட்டிகை போச்சுன்னு தெரிஞ்சது, அப்புறம் என் வாசப்படி மிதிக்காதே." சும்மா மிரட்டுதான்னுதான் நெனச்சாங்க. ஒரு பொங்கலன்னைக்கு சுந்தரம்மா தலை பளபளன்னு இருந்ததைப் பாத்துட்டா. யார் குடுத்ததுன்னு மோப்பம் பிடிச்சுப் போனா, எதுத்த வீட்டு வெயிலம்மா. ஒரு வருஷம் முழுசும் வெயிலம்மாவுக்கு உப்பு கிடையாது. அழுதா, கெஞ்சினா, கம்பை ரெட்டிப்பாக் கொண்டு வந்தா. ம்ஹூம். கடைசியில வெயிலம்மா மக சிக்கெடுக்க முடியாமக் கழுத்தோட முடியை வெட்டிக்கிட்டா. அதுக்குப் பிறகு எவளுக்காவது துணிச்சல் வருமா?

சங்கரபாண்டியன் தூது வந்தார். "உள்ளூருக்குள்ள இம்புட்டுப் பகை ஆகாது தாயி."

"அவியளை வரச் சொல்லுங்க மாமா. என் வாசல்ல நின்னு ஏமாத்துனேன்னு சொல்லட்டும். ஒரு பிடி என்ன, ஒரு பானை உப்பு தாரேன். அன்னைக்கு நீங்களும் சிரிச்சீங்க, அதை நான் கேக்கலை பாருங்க."

அவர் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சுட்டார். அழகிரிசாமி கிட்ட போய்ச் சொன்னதுக்கு, "பொம்பளை வாசல்ல போய் நிக்கணுமா? அதுக்கு என் வீட்டுல எல்லாரும் மொட்டை போட்டுக்கிடுவோம்"னானாம். அந்த வார்த்தை சுவர் தாண்டி வந்து சேர எம்புட்டு நேரம் ஆகும்?

இப்படியே ஒன்பது பங்குனி போச்சு. அவளுக்கும் தலை நரைச்சுது. அவன் வரலை. சில நாள் சாயங்காலம் சோறு இறங்காது. "நான் செத்துருவேன், இவன் சொல்லாமலே தப்பிச்சுருவான்"னு நெஞ்சு காந்தும்.

எண்பத்தி நாலு பங்குனியில ராதாமணிக்கு ஓட்டப்பிடாரத்துல இருந்து ஒரு சம்பந்தம் வந்துச்சு. மாப்பிள்ளை வாத்தியார். வெள்ளிக்கிழமை மத்தியானம் பொண்ணு பாக்க வாராங்க. மாப்பிள்ளை ஆத்தா தலையைத் தொட்டுப் பாத்துத்தான் பொண்ணு எடுப்பாளாம். மூத்த மருமக முடி முழங்கால் வரைக்குமாம், அவ பெருமை அது. ராதாமணிக்கும் முடி நீளம்தான். ஆனா கிணத்துத் தண்ணியில செம்பட்டை பாய்ஞ்சு, விரலை விட்டா வெளிய வராது.

புதன்கிழமை விடியக் காலம் சத்தியபாமா உவர்க்காட்டுக்குப் போனா, ஒரு மூலையில மண்ணு நோண்டிக் கிடக்கு. மேலாப்புல வழிக்கலை, கரண்டியால அடிமண்ணோட தோண்டியிருக்கு. சின்னப் பாதம், கண்மாய்க் கரை வழியா வந்து போன தடம். யாருன்னு தெரிஞ்சு போச்சு. "களவாணி வீட்டுப் பிள்ளைக்குக் களவாணிப் புத்தி"ன்னு காறித் துப்பினா. நடுத்தெருவுல நின்னு கத்தலாமான்னு யோசிச்சா. கத்தலை.

மறுநாள் முற்பகல், மண்தட்டைக் கவுக்கக் கொல்லைப் பக்கம் போனவ முள்வேலிக்கு அங்கிட்டு ராதாமணியைப் பாத்தா. தனியா குத்தவச்சு உக்காந்திருக்கு. முன்னால ஒரு பானை. பானையில அந்த மண்ணைக் கரைச்சு வச்சிருக்கு. தெளிய விடத் தெரியலை, கலங்கல் காவியா நிக்குது. கையில ஒரு சிரட்டை, அதுல சுண்ணாம்பு.

பதனியைத் தெளிய வைக்கிறதுக்குச் சுண்ணாம்பு போடுறது அந்தப் பக்கத்துல குழந்தைக்குக் கூடத் தெரியும். கருப்பட்டி காய்ச்சுற வீட்டுல பாத்திருக்கும். கலங்கலைத் தெளிய வைக்கத்தானே சுண்ணாம்பு, இதுக்கும் போட்டா என்னன்னு அந்தப் பிள்ளை நெனச்சிருக்கு. பாவி மக, அது பதனியா? ஏற்கெனவே காரம். அடங்காத காரத்துல சுண்ணாம்பு விழுந்தா தோலைத் தின்னுரும். சத்தியபாமா தன் கையில பாத்திருக்கா. ஒரு நாள் தவறுதலா சுண்ணாம்பு டப்பி உப்புத் தண்ணிக்குள்ள விழுந்து, அதை எடுக்கப் போய் விரல் நுனி மூணும் வெந்து போன தழும்பு இன்னும் இருக்கு.

ராதாமணி நிமிந்து பாத்தா. ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் நேருக்கு நேர். சிரட்டை கையில அப்படியே நிக்குது.

"ஏட்டி, அதைக் கீழ கொட்டு." அவ்வளவு சொன்னாப் போதும். அந்த நாலு வார்த்தை சத்தியபாமா தொண்டை வரைக்கும் வந்துச்சு. அதுக்கு மேல அந்த எட்டு ஆம்பிளைங்களோட சிரிப்பு காதுல கேட்டுச்சு. திரும்பினா. வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்தினா.

பொம்பளையா அவ, பேயான்னு கேக்கத் தோணும். எனக்கும் தோணத்தான் செய்யுது. அவ அடுப்படியில உக்காந்து வெத்திலைக்குக் காம்பு கிள்ளிக்கிட்டே தனக்குத்தானே சொல்லிக்கிட்டா: "முடிதான் போகும். போகட்டுமே. மொட்டை போடுதேன்னு சொன்னவன் வீடுதானே? என் கை வெந்தப்ப எவ வந்து பாத்தா?" ஆனா மடிச்ச வெத்திலையை வாயில போடலை, அடுப்புக்குள்ள எறிஞ்சா.

வெள்ளிக்கிழமை காலையில அலறல் கேட்டுச்சு. சுண்ணாம்பு போட்ட அந்தக் கலங்கலை அரப்பு தேய்க்கிற மாதிரி தலை பூராவும் அப்பி, ஊறட்டும்னு உக்காந்திருக்கு அந்தப் பிள்ளை. முதல்ல அரிச்சிருக்கு. "அப்பதான் அழுக்கு எடுக்கும்"னு பொறுத்திருக்கு. அப்புறம் தீயா எரிஞ்சிருக்கு. சுந்தரம்மா பதறிப் போய் எண்ணெயை ஊத்தினா. அது போதாதா?

அழகிரிசாமி வேட்டி அவுந்தது தெரியாம ஓடி வந்தான். அவன் வந்து நின்னது சத்தியபாமா வாசல்ல.

"வதினா! பிள்ளை தலை வேகுது வதினா! மாத்து என்னன்னு சொல்லுங்க! உங்களுக்குத்தான் தெரியும்!"

சத்தியபாமா நிலைப்படியில நின்னா. தெருவுல சனம் கூடிருச்சு. வெயிலம்மா, வேலுத்தாய், தடியை ஊணிக்கிட்டு சங்கரபாண்டியன், எல்லாரும். சுவருக்கு அந்தப் பக்கம் ராதாமணி கத்திக்கிட்டே இருக்கா.

"முதல்ல அதைச் சொல்லு"ன்னா சத்தியபாமா.

அவனுக்குப் புரியலை. "எதை வதினா?"

"எதைன்னா கேக்கே?"

புரிஞ்சுது. முகம் சுண்டிப் போச்சு. அவன் திரும்பி சனத்தைப் பாத்தான், உள்ள இருந்து வந்த அலறலைக் கேட்டான். "ஏமாத்திட்டேன்"னான் வாய்க்குள்ள.

"கேக்கலை."

"நான் உங்களை ஏமாத்திட்டேன் வதினா! அண்ணன் பங்கைத் தின்னுட்டேன்! நீங்க அழுதுக்கிட்டு நின்னப்ப சிரிச்சேன்! போதுமா? என் பிள்ளையைக் காப்பாத்துங்க!" நடுத்தெருவுல அவ கால்ல விழுந்தான்.

ஒன்பது வருஷம் காத்துக் கிடந்தது காதுல விழுந்துச்சு. எப்படி இருந்துச்சுன்னு பின்னால யோசிச்சுப் பாத்தா அவளுக்கு ஞாபகம் வரலை. அவனைத் தாண்டி ஓடினதுதான் ஞாபகம். "எண்ணெயைத் தொடாதே! தண்ணியை ஊத்து! ஊத்திக்கிட்டே இரு!"ன்னு கத்திக்கிட்டே அந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சா. தெருவே குடம் குடமாத் தண்ணி கொண்டு வந்துச்சு. அப்புறம் மோர். மத்தியான பஸ்ல கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க.

பிள்ளை பிழைச்சுது. கண்ணுக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா வலது காதுக்கு மேல உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வழுவழுன்னு ஆகிப் போச்சு, அங்கன திரும்ப முடி முளைக்கவே இல்லை. ஓட்டப்பிடாரத்துக்காரங்க வேற இடத்துல பொண்ணு எடுத்துட்டாங்க.

அழகிரிசாமி வாயால சொன்னதோட நிக்கலை. கயத்தாத்துக்குப் போய் ரெண்டரை ஏக்கர் கரிசலை அவ பேருக்கு எழுதி வச்சான். "பாத்தியாட்டி, பாமா ஜெயிச்சுட்டா"ன்னு பொம்பளைங்க கிணத்தடியில பேசிக்கிட்டாங்க. ஆவணியில அவளே ஏர் பிடிக்க ஆள் விட்டு, பருத்தி போட்டா, ஊடுபயிரா உளுந்து போட்டா. மழையும் அந்த வருஷம் ஏமாத்தலை.

தை மாசம் ஒரு நாள் அவ பருத்திக் காட்டுல வெடிச்ச காயைப் பறிச்சுக்கிட்டு நின்னா. வரப்பு மேல ராதாமணி வந்தா. தலையில முந்தியை இழுத்து மூடியிருந்தா. ஆள் துரும்பா இளைச்சிருந்தா.

"பெத்தம்மா"ன்னு கூப்பிட்டா. அந்தச் சொல்லைக் கேட்டு எம்புட்டு நாளாச்சு! சத்தியபாமாவுக்கு மடியில இருந்த பருத்தி கீழ கொட்டுனதே தெரியலை.

"வா தாயி. இங்கன நெழல்ல வந்து நில்லு."

ராதாமணி வரப்புலயே நின்னா. "ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனைக்கேன். அப்பா அம்மா கிட்ட கூடச் சொல்லலை."

"கேளு."

"அன்னைக்கு வேலி கிட்ட வந்து நின்னு பாத்தீங்கல்லா. அந்நேரம் சுண்ணாம்பைப் போடவா வேண்டாமான்னு எனக்கு ஒரே சந்தேகம். பதனிக்குன்னா சரி, இதுக்குப் போடலாமான்னு தெரியலை. நீங்க பாத்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போனீங்க." அவ குரல்ல கோவமே இல்லை. "தப்புன்னா பெத்தம்மா சொல்லியிருப்பாவன்னு நெனச்சுத்தான் போட்டேன்."

சத்தியபாமா குனிஞ்சு கொட்டுன பருத்தியைப் பொறுக்கினா. வரப்பு ஓரமா ஆடு மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

"ஊருல என்னென்னமோ பேசுதாங்க பெத்தம்மா. நான் நம்பலை. சுண்ணாம்பு போடக் கூடாதுன்னு உங்களுக்கும் தெரியாமத்தானே இருந்துச்சு?"

சத்தியபாமா அந்தப் பிள்ளை முகத்தைப் பாத்தா. நாலு வார்த்தை மறுபடியும் தொண்டைக்கு வந்துச்சு. இந்தத் தடவை வேற நாலு வார்த்தை, அழகிரிசாமி வாயில இருந்து வரணும்னு ஒன்பது வருஷம் காத்துக் கிடந்தாளே, அதே நாலு. கேக்கிறதுக்கு அந்தப் பிள்ளை ஒருத்தியைத் தவிரக் காட்டுல யாரும் இல்லை.

"தெரியாதுட்டி"ன்னா சத்தியபாமா. "எனக்கும் தெரியாது."